மலிவு விலைத் தூண்டில் வாங்கலாமா?



மார்க்கச் சட்டங்களுக்கு மட்டுமே உரிய பக்கமன்று இது. இல்லறத்தில் எழும் சிறிய ஐயங்களுக்கும் இங்கே இடம் உண்டு என்பதைப் பழைய வாசகர்கள் அறிவர். ஆயினும் இம்மாதம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்குப் புன்னகையை வரவழைக்கக்கூடும். நாகூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். பதினான்கு வயது மகன், கைப்பேசியில் கண்ட ஒரு சீனத் தூண்டிலை வாங்கித் தரும்படி ஒரு மாதமாக நச்சரித்து வருகிறானாம். நீட்டி மடக்கும் கழி, சுற்றும் ரீல், நரம்பு, முட்கள், மீன் வடிவில் வண்ண வண்ணப் பொம்மை இரைகள் என்று எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமாம். "வாங்கிக் கொடுப்பது வீண்விரயமாகுமா ஹஜரத்? அல்லது இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது மறுப்பதுதான் கஞ்சத்தனமா?" என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

கடலும் ஆறும் சேருமிடத்தில் வாழும் நமக்கு இது அற்பமான கேள்வியன்று. வெட்டாறு கடலில் கலக்கும் நாகூரில் அஸருக்குப் பின் ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்கும் சிறுவர்களை எண்ணிப் பார்த்தால் போதும். எத்தனை வீடுகளில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கும் என்பது விளங்கும்.

முதலில் வீண்விரயம் பற்றி. கடலின் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயம் தெளிவாக அறிவிக்கிறது. பிடித்த மீன் வீட்டு அடுப்புக்கு வருமாயின் அது பொழுதுபோக்கோடு உணவும் ஆயிற்று. உண்பதற்கோ விற்பதற்கோ அன்றி வேடிக்கைக்காக மட்டும் உயிரை வதைப்பதை நம் உலமாக்கள் வெறுத்தே பேசியிருக்கின்றனர். எனவே, பிடித்துக் கரையில் எறிந்துவிட்டு வரும் பழக்கம் பையனுக்கு வராமல் பார்த்துக்கொள்வது உம்மாவின் பொறுப்பு. அதற்கு மேல் இதில் தடையேதும் இல்லை. கைப்பேசியின் முன் குனிந்து கிடப்பதைவிட ஆற்றங்கரைக் காற்றில் நிற்பது எவ்வளவோ மேல்.

இனிப் பொருளுக்கு வருவோம். "வெளிநாட்டுத் தூண்டில்" என்பது ஏதோ இன்று நேற்று வந்த மோகம் என்று எண்ணிவிடக்கூடாது. தையல் ஊசிக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ரெடிச் நகரமே தூண்டில் முள்ளுக்கும் பெயர்பெற்றிருந்தது. பின்னர் நார்வே நாட்டின் முஸ்டாட் நிறுவனம், 1832 இல் தொடங்கப்பட்டு 1877 முதல் இயந்திரத்தால் முள் செய்து, உலகக் கடற்கரைகளுக்கெல்லாம் அனுப்பியது. நம் மீனவர்களின் கைக்கும் அது வந்து சேர்ந்தது. கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் தொழிலைச் சீர்செய்ய 1952 இல் ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா ஆகிய மூன்று தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டதையும் இங்கே நினைவுகூரலாம். பருத்தி நூலிலும் சணலிலும் வலை முடைந்து, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, நாள்தோறும் மணலில் உலர்த்திய தலைமுறை போய், நைலான் வந்தது அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். அந்த நைலானும் அயலார் கண்டுபிடிப்பே. ஆகவே, வெளிநாட்டுப் பொருள் என்பதற்காகவே வெறுப்பதும் பொருந்தாது. அதற்காகவே விரும்புவதும் பொருந்தாது.

நாகூர்க்காரர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ராஜூலா கப்பலும், பின்னர் எம்.வி. சிதம்பரமும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்த காலத்தில் சபராளிகளின் பெட்டிகளில் வராத சாமான் உண்டா? 1985 இல் நிகழ்ந்த தீ விபத்தோடு சிதம்பரம் கப்பலின் பயணம் முடிந்தது. பெட்டிகள் விமானத்துக்கு மாறின. இப்போது பெட்டியே வேண்டாம், கைப்பேசியில் விரல் வைத்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கப்பூர் அங்காடியில் நின்று வாங்கிய மாமு அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார். இன்று நாம் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

சீனப் பொருள் என்றாலே மட்டம் என்று சொல்லும் பெரியவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காலத்தில் அவர்களுடைய வாப்பாமார்கள் இதே சொல்லை "ஜப்பான் சாமான்" என்று முகம் சுளித்துச் சொல்லியிருக்கின்றனர். அதே ஜப்பானின் ஷிமானோ, டைவா என்னும் இரு நிறுவனங்களின் ரீல்களையே இன்று தூண்டில் பிரியர்கள் முதல் வரிசையில் வைக்கின்றனர். ஷிமானோ 1921 இல் மிதிவண்டி உறுப்பு செய்யத் தொடங்கிய நிறுவனம். தூண்டில் தொழிலுக்கு வந்தது 1970 இல்தான். அவ்வாறே சீனத்தின் ஷான்டோங் மாகாணத்திலுள்ள வெய்ஹாய் என்னும் கடற்கரை நகரம் இன்று தூண்டிற்கழி உற்பத்தியில் உலகத் தலைமையிடங்களுள் ஒன்று. பெயர்பெற்ற பல நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த பொருள்களைச் சீனத் தொழிற்சாலைகளிலேயே செய்வித்துக்கொள்கின்றன. அந்நாட்டிலிருந்து நல்ல கழியும் வருகிறது, குப்பையும் வருகிறது. நாட்டின் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. பொருளைத்தான் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தூண்டில் என்பது ஒரே பொருளன்று. கழி, ரீல், நரம்பு, முள், ஈயக்குண்டு, தக்கை எனப் பல உறுப்புகள் கூடியது. இவற்றுள் மீனின் முழு இழுப்பையும் தாங்குவன மூன்று: முள், நரம்பு, இரண்டையும் இணைக்கும் முடிச்சு அல்லது சிறு சுழல் வளையம். கழியும் ரீலும் அந்த இழுப்பைத் தணிக்கவும் மீனைக் கொண்டு சேர்க்கவும் துணைபுரிவன. ஆனால் கடையில் கண்ணைக் கவர்வன கழியும் ரீலும்தான். மலிவுப் பெட்டி விற்பவர் இதை நன்கு அறிவார். பளபளக்கும் கழியையும் பொன்வண்ண ரீலையும் மேலே வைத்து, எல்லாவற்றிலும் மட்டமான நரம்பையும் முள்ளையும் அடியில் வைத்துவிடுகிறார். பையன் கழியைப் பார்த்து மயங்குகிறான். கொடுவா மீனோ நரம்பை அறுத்துக்கொண்டு போகிறது.

நரம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தங்கூசி என்று நம் பக்கத்தில் வழங்கும் ஒற்றையிழை நைலான் நரம்பின் சுற்றில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று பருமன்; மற்றொன்று எத்தனை கிலோ எடை தாங்கும் என்பது. இவ்விரு எண்களும் உண்மையா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எங்கள் மதரஸாவில் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில், மாணவர் ஒருவருடைய வீட்டுக்கு வந்திருந்த மலிவு நரம்புச் சுற்றை வைத்துக்கொண்டு நாங்களே சோதித்தோம். பெயர் அவசியமில்லை, அத்தகைய பெயர்கள் மாதந்தோறும் மாறுகின்றன.

சுற்றின் மேல் பருமன் 0.20 மில்லிமீட்டர், தாங்கும் எடை 8 கிலோ, நீளம் 100 மீட்டர் என்று இருந்தது. ஒரு பென்சிலின் மேல் நரம்பை இடைவெளியின்றி இருபது முறை சுற்றச் சொன்னேன். பருமன் 0.20 என்பது உண்மையானால் இருபது சுற்று 4 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆறரை மில்லிமீட்டர். அதாவது நரம்பின் உண்மைப் பருமன் 0.32க்கும் சற்று மேல். பின்பு நரம்பைத் தண்ணீரில் ஊற வைத்தோம். நைலான் நனைந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கும், மீன் பிடிப்பதோ தண்ணீரில்தான். ஒரு முனையை வேப்பமரத்தின் வழுவழுப்பான கிளையில் பல சுற்றுச் சுற்றிக் கட்டி, மறுமுனையில் ஒரு வாளியைத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறாவது லிட்டர் ஊற்றியபோது முடிச்சில் அறுந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் எந்த நரம்பும் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும் என்பதால் இதை மோசம் என்று சொல்வதற்கில்லை. கடைசியாக, நரம்பு முழுவதையும் அவிழ்த்து வராந்தாவில் போக வர அளந்தோம். தொண்ணூற்றொரு மீட்டரில் முடிந்துவிட்டது.

மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜரத், எட்டு கிலோ இல்லாவிட்டாலும் ஆறு கிலோ தாங்கியதே! மீன் பிடிக்க அது போதாதா? இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மீன் பிடிக்கப் போதும்தான். ஆனால் பருமனான நரம்பு தொலைவில் விழாது. தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்குத் தெரியும். ரீலில் குறைவான நீளமே அடங்கும். மெல்லிய நரம்பு எட்டு கிலோ தாங்குவதுதான் அருமை. அந்த அருமைக்குத்தான் பணம் கொடுக்கிறோம். அதை எழுதிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? அளவையில் குறைப்போரைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயம் அருளப்பட்டிருப்பதை, தொண்ணூற்றொரு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த மாணவருக்குத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மட்டமான பொருளை மட்டம் என்று சொல்லி மலிவாக விற்பது ஆகுமான வியாபாரமே. ஏழைக்கும் பொருள் வேண்டுமன்றோ! மறைப்பதுதான் குற்றம். நம் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சகோதரர்கள் இதை அருள்கூர்ந்து எண்ணிப் பார்க்கட்டும். மொத்த வியாபாரி கொடுத்த அட்டையில் இருப்பதை அப்படியே வாடிக்கையாளரிடம் ஒப்பிப்பது போதாது. ஒரு சுற்றைப் பிரித்து, பென்சிலில் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடமே ஆகும்.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு. விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை, கியாருல் அய்ப் என்னும் பெயரில், ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களும் வியாபாரப் பாடத்தில் பேசுகின்றன. கண்ணால் காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் மறுக்கும் உரிமையை ஹனஃபி மத்ஹப் தனியாகவே வகுத்திருக்கிறது. படம் பார்த்து வாங்கும் இக்காலத்துக்கே எழுதி வைத்தது போல இல்லையா? நாட்டின் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020 இல் வந்த மின்வணிக விதிகளும் இருக்கின்றன. இறக்குமதியான பொட்டலத்தின் மீது, கொண்டுவந்தவரின் பெயர், முகவரி, எந்நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை ஏதுமின்றி வெறும் நெகிழிப் பையில் வருவதை விலை எவ்வளவு குறைவாயினும் தவிர்ப்பது நலம்; குறை கண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த "யாரிடம் போய்க் கேட்பது" என்ற கேள்வி பையனின் ஆற்றங்கரைத் தூண்டிலோடு நிற்பதில்லை. நாகூர்ப் பட்டினச்சேரியில் எனக்கு நெடுநாள் பழக்கமான மீனவர் ஒருவர் உண்டு. ஆயிரங்கால் தூண்டில் போடுபவர். ஒரு நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைத் தொங்கவிட்டு, இரை கோத்து, கடலில் இறக்கிவிட்டுக் காத்திருக்கும் தொழில் அது. ஒரு முறை, முள் ஒன்றுக்குச் சில காசுகள் குறைவு என்று புதுவகை முட்கள் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். மறுநாள் கயிற்றை இழுத்தபோது இரை போயிருந்தது, மீன் மாட்டியதற்கு அடையாளமும் இருந்தது. முட்களோ ஆணிபோல் நிமிர்ந்து நின்றன. "கடைக்காரன் கரையில இருக்கான் ஹஜரத்து. நடுக்கடல்ல முள்ளு நிமுந்து போச்சுன்னா யாருகிட்டப் போயிக் கேக்குறது? போட்ட டீசலு, வாங்குன இரை, ராத்திரி முழுக்க முழிச்ச முழிப்பு, அம்புட்டும் போச்சு" என்றார். சில காசுகளில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற கணக்கு அவர் சொல்லாமலே விளங்கியது.

முள்ளின் மர்மம் அதன் எஃகைப் பதப்படுத்துவதில் இருக்கிறது. மிகையாகக் கடினப்பட்டால் கண்ணாடிபோல் உடையும்; போதாமல் விட்டால் கம்பிபோல் நிமிரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை ஆயிரக்கணக்கான முட்களுக்கும் ஒரே சீராகக் கொண்டுவருவதே நல்ல தொழிற்சாலையின் அடையாளம். மலிவு முள்ளில் எல்லாமே கெட்டவையாக இரா. பத்தில் ஏழு நன்றாயிருக்கும், மூன்று கைவிடும். எந்த மூன்று என்பது மீன் மாட்டிய பின்புதான் தெரியும். வாங்கும் முன் பெட்டிக்கு இரண்டு மூன்று முட்களை எடுத்து, நுனியை ஒரு மரக்கட்டையில் பதித்து, மறுமுனையைக் குறடால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்றே விரிந்து, விட்டதும் பழைய வடிவுக்கு மீளுமானால் நல்லது. முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடினமான முள் தெறிக்கும். கடல்நீருக்கு வாங்கும் முள்ளானால் ஒன்றை உப்புத் தண்ணீரில் ஓரிரவு போட்டு வைத்தால் அதன் மேற்பூச்சின் யோக்கியதை காலையில் தெரிந்துவிடும்.

2017 இல் பாக் விரிகுடா மாவட்டங்களின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளை வழங்க மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் தொடங்கின. நாகப்பட்டினமும் அதில் அடக்கம். அப்போது ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் ரூபாயாக இருந்தது. அதில் எழுபது விழுக்காடு அரசுகளின் மானியம். அந்தப் படகுகளின் முக்கியத் தொழிற்கருவிகளுள் ஒன்று இதே ஆயிரங்கால் தூண்டில்தான். எண்பது இலட்ச ரூபாய்ப் படகின் வருமானம் சில ரூபாய் முள்ளின் வளைவில் தொங்குகிறது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர்பெற்றவர்கள். முள் வாங்குவது எப்படி என்று கற்க விரும்புவோர் அவர்களிடம்தான் போக வேண்டும்.

தரம் பார்க்க நேரமில்லாத அவசரம் என்ன செய்யும் என்பதையும் நம் கடற்கரை கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பட்டினச்சேரி மக்களுக்குத் தர்காவும் நம் ஜமாஅத்தினரும் அன்று புகலிடம் தந்ததையும், மத வேறுபாடு பாராது நம் இளைஞர்கள் ஜனாஸாக்களை அடக்கம் செய்ததையும் நாகூர் மறக்கவில்லை. அதன்பின் படகும் வலையும் கருவிகளும் உதவியாகக் குவிந்தன. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. எனினும் அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் செய்யப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளுள் பல, கடலுக்கு ஏற்ற தரத்தில் இல்லை என்று அன்றே வல்லுநர்கள் எச்சரித்தனர். இலவசமாகக் கிடைத்த படகாயினும் அதில் ஏறிக் கடலுக்குப் போவது மனிதன் அல்லவா?

கழிக்கும் ரீலுக்கும் திரும்புவோம். மலிவுப் பெட்டிகளில் "கார்பன்" என்று எழுதப்பட்ட கழிகளுள் பெரும்பாலானவை கண்ணாடியிழையே. கரியிழை பெயருக்குக் கொஞ்சம் கலந்திருந்தால் உண்டு. இதைப் பற்றி நான் அதிகம் வருந்தமாட்டேன். கற்றுக்கொள்ளும் பையனுக்குக் கண்ணாடியிழைக் கழியே ஏற்றது. எடை கூடுதலாயினும் அடி தாங்கும், சட்டென உடையாது. உண்மையான கரியிழைக் கழிக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். நம் வாய்க்கால் கரைகளின் மேல் மின்கம்பிகள் எவ்வளவு தாழத் தொங்குகின்றன என்பதை அறிவீர்கள். கழி எதுவாயினும், விரித்த கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மின்கம்பியின் கீழ் நடக்கக்கூடாது. இடி மின்னல் வேளையில் கரையில் நிற்கவே கூடாது. இதைப் பிள்ளைகளிடம் ஒரு முறை சொல்லி விடுவதோடு நில்லாமல் பலமுறை சொல்லுங்கள்.

கழியில் சோதிக்க வேண்டியது நரம்பு செல்லும் வளையங்களை. உள்ளே பதித்த பீங்கான் வளையத்தில் விரிசல் இருந்தாலோ அது கழன்றுவிட்டாலோ, வெளிப்படும் உலோக விளிம்பு எவ்வளவு நல்ல நரம்பையும் அரிந்துவிடும். சிறிது பஞ்சை எடுத்து வளையத்தின் உட்புறம் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்தக் கழி வேண்டாம். நீட்டி மடக்கும் கழியில் மணல் புகுந்தால் மூட்டுகள் இறுகிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரீலின் மேல் "பதின்மூன்று பேரிங்" என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நல்ல பேரிங் நான்கு இருந்தால் மட்டமான பதின்மூன்றைவிட மேல். கைப்பிடியைச் சுற்றும்போது கரகரப்பு உண்டா, எதிர்ப்புறம் அசைகிறதா, நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக் குலுங்காமல் ஒரே சீராக விடுகிறதா என்பவற்றைப் பார்த்தால் போதும். நரம்பின் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுப்பில் பிரேக் நரம்பை விடுமாறு திருகி வைத்துக்கொள்ள வேண்டும். மலிவு ரீல் உப்புக்காற்றில் விரைவில் அரிக்கும். ஆயினும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அதன் ஆயுள் கூடும். மகனுக்கு இந்த வேலையைப் பழக்குவதே அவனுக்குப் பொருளின் அருமையைக் கற்பித்தலாகும்.

தக்கைக்கும் வாளிக்கும் மலிவே போதும். அவற்றில் பணத்தைக் கொட்டாதீர்கள். பொம்மை இரைகளும் மலிவானவை பரவாயில்லை, அவற்றில் தொங்கும் முட்களை மட்டும் கழற்றிவிட்டு நல்ல முட்களை மாட்டிக்கொண்டால் சரி. ஈயக்குண்டு வேறு கதை. விலை அற்பந்தான், ஆனால் ஈயம் நஞ்சு. பிளந்த ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. கூடவே கூடாது, சிறு குறடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தொட்ட கையைக் கழுவாமல் தின்பண்டத்தில் வைக்கக்கூடாது. பழைய ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் சிக்கனம் சில வீடுகளில் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புகை என்ன செய்யும் என்பதை மருத்துவரைக் கேட்டால் சொல்வார்.

மலிவு நரம்பின் விலையில் எழுதப்படாத இன்னொரு செலவும் உண்டு. அறுந்த நரம்பு எங்கே போகிறது? நைலான் மக்குவதில்லை. வெட்டாற்றுக் கரைப் புதரில் சிக்கி, கொக்கின் காலில் சுற்றி, அது பறக்க முடியாமல் மடிவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1967 முதல் சரணாலயமாக இருந்துவரும் கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் கடல் கடந்து வரும் பறவைகள் நம் மாவட்டத்தின் விருந்தாளிகள் அல்லவா? அடிக்கடி அறுகிற நரம்பு அடிக்கடி ஆற்றில் தங்கும். அறுந்த துண்டுகளைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரியால் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேர்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆக, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் யோசனை இது. அந்த ஆயிரம் ரூபாய்ப் பெட்டியை வாங்க வேண்டாம். மகன் பிடிக்கப் போவது வாய்க்கால் கெண்டையும் கெளுத்தியுமானால் ஒரு நல்ல மூங்கில் கழியும், தரமான நரம்பும், பத்து நல்ல முட்களுமே தாராளம். பெட்டியின் விலையில் பாதிகூட ஆகாது. முகத்துவாரத்தில் கொடுவாவும் பாறையும் தேடும் ஆசை வந்துவிட்டதானால், நடுத்தர விலையில் கண்ணாடியிழைக் கழியும் ரீலும் கடையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். நரம்பையும் முள்ளையும் தனியே, பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக வாங்குங்கள். வெயிலில் தொங்கவிட்ட நரம்புச் சுற்றை மட்டும் எடுக்காதீர்கள். சூரிய ஒளி நைலானைத் தின்றுவிடும்.

கணவர் விடுமுறையில் வரும்போது எதை வாங்கி வரச் சொல்வது என்றும் அவர் கேட்டிருக்கிறார். கழி வேண்டாம், பெட்டிக்குள் அடங்காது, வழியில் ஒடியும். நல்ல நரம்புச் சுற்று இரண்டு, நடுத்தர அளவு முள் ஒரு பெட்டி. கைக்குள் அடங்கிவிடும். முட்களைக் கைப்பையில் வைக்காமல் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வந்ததும் பென்சிலில் இருபது சுற்றுச் சுற்றிப் பார்க்கும் வேலை மகனுடையது.

வஸ்ஸலாம்.